இரண்டாம் பாகத்தில் என் புடவை இல்லை

தினா கண்ணு,

படம் எப்படி இருந்தது என்று நீயும் கேட்டுக்கொண்டே இருக்கிறாய், நானும் "நல்லா இருந்துச்சுப்பா" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். நேற்று நீ "அவ்ளோதானாம்மா? வேற ஒண்ணும் சொல்ல மாட்டியா?" என்று இழுத்தபோது எனக்கே என் பொய் உறுத்தியது. படம் நல்லா இல்லை. முதல் பாகம் பார்த்த கண்ணுக்கு இது பாதிகூட இல்லை. ஆனால் சொல்ல வேண்டியது அது மட்டும்தான் என்றால் போனிலேயே சொல்லியிருப்பேன். போனில் நீ என்னைப் பேச விடமாட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்து, பேச்சை மாற்றி, "சரிம்மா, டைரக்டர் கூப்பிடறாரு" என்று வைத்துவிடுவாய். எழுதினால் நீ குறுக்கே வர முடியாது. உங்க அப்பா நைட் ஷிப்ட்டுக்கு மில்லுக்குப் போய்விட்டார். காலையில் கூரியருக்குப் போக வேண்டிய புடவைகளையெல்லாம் மடித்துக் கவரில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். முழுசாகப் படி. பாதியில் நிறுத்திவிட்டு எனக்குப் போன் பண்ணாதே.

படத்துக்கு நான், உங்க அப்பா, பக்கத்து வீட்டு டெய்லர் லலிதா அக்கா, மூணு பேரும் போனோம். முதல் பாகம் உனக்கு ஞாபகம் இருக்கும், நீதானே வேலை செய்தாய். கல்யாணத்தன்றைக்கே கொலையாகிப்போன அந்தப் பெண் பேயாக வருகிற கதையில் ரத்தம் என்று பார்த்தால் மிஞ்சிப்போனால் ஒரு கை அளவு இருக்கும். மூடின கதவுக்கு வெளியே கொலுசுச் சத்தம் வந்து நிற்கும், அவ்வளவுதான். என் நகம் உங்க அப்பா கையில் பதிந்துபோய், மறுநாள் மில்லில் "இன்னாண்ணே, பூனை கீறிச்சா, அண்ணி கீறிச்சா?" என்று கேட்டார்களாம். இந்தப் பாகத்தில் கதவே கிடையாது. வந்ததும் கழுத்து, அப்புறம் கை, அப்புறம் குடல். ஒருத்தன் குடலை உருவி ஃபேனில் சுற்றுகிற இடத்தில் எனக்கு முன் வரிசையில் ஒரு பையன் "மச்சி, பரோட்டா மாஸ்டர்ரா!" என்றான். தியேட்டரே சிரித்தது. பயப்பட வேண்டிய இடத்தில் ஜனங்கள் சிரித்தால் அது யார் தப்பு என்று உங்கள் டைரக்டரைக் கேட்டுச் சொல். உங்க அப்பா இடைவேளைக்கு முன்னாடியே தூங்கிவிட்டார். அந்த அலறலில் ஒரு மனுஷன் குறட்டை விட்டது எனக்கு அப்போது விசித்திரமாகப் பட்டது. அதைப் பற்றியும் பின்னால் சொல்கிறேன்.

அந்தப் பேய்ப் பெண்ணுக்கு ஏன் இத்தனை கோபம் என்றுதான் எனக்குப் புரியவே இல்லை. அவளைக் கொன்றவர்களை முதல் பாகத்திலேயே ஒருத்தர் விடாமல் தீர்த்துவிட்டு, அழுதுகொண்டே கிணற்றுக்குள் இறங்கிப் போனாள். நான்கூட அழுதேன். இப்போது எதற்கு ஏறி வந்தாள்? யாரும் சொல்லவில்லை. வந்தவள் தெருவில் போகிற வருகிறவனையெல்லாம் கிழிக்கிறாள். பால்காரனைக் கிழித்தபோது லலிதா அக்கா என் காதில், "ஏம்மே, இவன் இன்னா தப்புப் பண்ணான்? பால்ல தண்ணி கலந்தானா?" என்றாள். காரணம் இல்லாமல் கோபப்படுகிறவளைப் பார்த்து யாருக்கும் பயம் வராது, அலுப்புத்தான் வரும். அப்புறம் அந்த ரத்தம். சமையல்கட்டில் விரலை நறுக்கிக்கொண்ட எந்தப் பொம்பளையைக் கேட்டாலும் சொல்வாள், ரத்தம் காய்ந்தால் கறுத்துவிடும் என்று. உங்கள் படத்தில் ராத்திரி சிந்தினது விடிந்த பிறகும் ரோஸ்மில்க் சிரப் மாதிரியே பளபளக்கிறது. இதையெல்லாம் நீ வேலை கற்றுக்கொள்கிற இடம் என்று பொறுத்துக்கொண்டேன். புடவையைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

முதல் பாகம் எடுக்கும்போது நீ வந்து என் பீரோவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாய். பழைய முகூர்த்தப் புடவை வேணும், கடையில் புதுசு வாங்கினால் கேமராவில் புதுசாகவே தெரியும் என்றாய். "பேய்க்குக் கட்டறதுக்காடா என் முகூர்த்தப் புடவை?" என்று நான் சண்டைக்கு வந்தேன். உங்க அப்பா, "அந்தப் புடவையில உன்னப் பாத்த நாள்லேந்து நான் பயந்துகினுதானே இருக்கேன், குடுத்துடு" என்றார். கடைசியில் ஒரு சொட்டுச் சாயம்கூடப் படக்கூடாது என்று உன்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கொடுத்தேன். திரையில் அதைப் பார்த்தபோது உண்மையில் பெருமையாகத்தான் இருந்தது. அரக்கு நிறம் இருட்டில் அப்படியே எழுந்து வந்தது. படம் ஓடி முடிந்ததும் புடவையைக் கேட்டேன். "ரெண்டாம் பாகம் எடுக்கறாங்கம்மா, அதே பேய், அதே புடவை. காஸ்ட்யூம்ல பத்திரமா இருக்கு" என்றாய். நானும் விட்டுவிட்டேன்.

இப்போது இரண்டாம் பாகத்தில் அவளுடைய கல்யாணக் காட்சியைத் திரும்பக் காட்டுகிறீர்கள். புதுசாக எடுத்த காட்சி. அவள் மணவறையில் உட்காரக் குனிகிறாள். தோளில் ஒரு கரை தெரிகிறது, காலடியில் ஒரு கரை தெரிகிறது. ரெண்டும் ஒரே அகலம். தினா, என் புடவைக்கு ஒரு பக்கம் சாண் அகலக் கரை, மறுபக்கம் விரல் அகலக் கரை. அந்தக் காலத்தில் எங்க அப்பா தறிக்காரரிடம் சொல்லி அப்படி நெய்ய வைத்தது. எனக்கு அங்கேயே தூக்கிவாரிப் போட்டது. அதற்கப்புறம் நான் கதையைப் பார்க்கவே இல்லை, புடவையைத்தான் பார்த்தேன். ஜன்னல் காற்றுக்கு அவள் முந்தி கொடி மாதிரிப் பறக்கிறது. ஜரிகைக் கனம் உள்ள முந்தி அப்படிப் பறக்குமா? மேலே வாளி வாளியாக ரத்தத்தைக் கொட்டுகிறார்கள். பட்டு என்றால் ஊறிக் கறுத்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும். இதில் மழைக்கோட்டில் விழுந்த தண்ணீர் மாதிரி உருண்டு ஓடுகிறது. பாலியஸ்டர்! தினமும் போனில் புடவை காட்டி விற்கிறவளுக்கு, கஸ்டமர் அனுப்புகிற மங்கலான படத்தைப் பெரிசு பண்ணிப் பார்த்தே எந்த ஊர் நெசவு என்று சொல்கிறவளுக்கு, ஆரணியில் உட்கார்ந்திருக்கிற உன் அம்மாவுக்கு, அத்தனை பெரிய திரையில் பாலியஸ்டரைக் காட்டினால் தெரியாது என்று எப்படிடா நினைத்தாய்?

ரத்தம் கொட்டுகிற காட்சிக்கு நல்ல புடவையை வீணாக்கக் கூடாது என்று மாற்றியிருப்பார்கள் என்று என்னை நானே சமாதானப்படுத்திப் பார்த்தேன். ஆனால் மணவறையில் ஒரு சொட்டு ரத்தம் கிடையாதே. அங்கேயும் ஏன் அந்தப் போலிப் புடவை? சரி, யாரோ கவனிக்காமல் விட்டிருப்பார்கள் என்றால், கவனிக்கிற வேலையே உன்னுடையதுதான். முந்தின காட்சியில் பொட்டு எங்கே இருந்தது, வாட்ச் எந்தக் கையில் இருந்தது, டம்ளரில் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்று பார்த்து வைக்கிற கண்டினியுட்டி உத்தியோகம். அதற்கென்றே பிறந்தவன் நீ. சின்னப் பிள்ளையில் நான் உப்பு ஜாடியை அலமாரியில் இடம் மாற்றி வைத்தால், பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையைக் கழற்றுவதற்கு முன்னாடி "ஏம்மா ஜாடி நவுந்துச்சு?" என்று கேட்பாய். நீ கவனிக்காமல் ஒரு புடவை மாறாது. தெரிந்துதான் விட்டிருக்கிறாய். அப்படியென்றால் உன் வேலையைவிடப் பெரிய காரணம் ஏதோ உனக்கு இருந்திருக்கிறது.

லலிதா அக்கா ஏன் படத்துக்கு வந்தாள் என்று இப்போது சொல்கிறேன். தை மாசம் நீ போன் பண்ணினாய். அதற்குள் படப்பிடிப்பெல்லாம் முடிந்துவிட்டிருந்தது. "அம்மா, ஒரு சின்ன பேட்ச் ஷூட் இருக்கு, விட்டுப்போன ஒண்ணு ரெண்டு ஷாட் எடுக்கணும். உன் புடவைக்கு மேட்சா ஒரு பிளவுஸ் தைச்சு அனுப்ப முடியுமா?" என்றாய். துண்டுக்கும் வேட்டிக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளை பிளவுஸைப் பற்றிக் கேட்கிறானே என்று எனக்குச் சிரிப்பு. அதே அரக்கில் துணி தேடிப் பிடித்தேன். அளவு கேட்டேன். சற்றும் யோசிக்காமல் கடகடவென்று சொன்னாய். ஒரு பேயோட அளவு இவ்வளவு சுத்தமாக யாருக்கு ஞாபகம் இருக்கும் என்று எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும். "பின்கழுத்து ரொம்ப இறக்கம் வேணாம்மா, புடிக்காது" என்றாய். "யாருக்குப் புடிக்காது?" என்றேன். ரெண்டு தடவை இருமினாய். அப்புறம், "டைரக்டருக்கு" என்றாய்.

லலிதா அக்கா ராப்பகலாக உட்கார்ந்து தைத்தாள். தைத்துக்கொண்டே, "இன்னாமே, உன் புள்ள சொல்ற அளவுக்கு அந்த நடிகையோட ஒரு கைகூட நொழையாதே? பேய் எளச்சிப் போச்சா?" என்று கேட்டாள். நானும் சினிமாவில் ஏதாவது டூப் போடுவார்கள் என்று பெரிய மனுஷி மாதிரி விளக்கம் சொன்னேன். பேய்க்கு பிளவுஸ் தைத்தவள் என்று தெருவெல்லாம் அவளுக்குப் பேர். தியேட்டரில் படம் ஆரம்பித்ததிலிருந்து என் தோளைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். "எங்கமே என் பிளவுசு? இதுவா? இது இல்ல. இதுவா?" கடைசிவரைக்கும் அது வரவில்லை. விளக்குப் போட்டதும் என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு என்ன புரிந்ததோ, "விடுமே, எங்கயோ ஒரு நல்ல உடம்புல ஏறி இருக்கும்" என்றாள்.

மறுநாள் உன்னிடம் புடவை எங்கே என்று சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டேன். "காஸ்ட்யூம் குடோன்ல இருக்கும்மா" என்றாய். ரெண்டு நாள் விட்டு மறுபடியும் கேட்டேன். "புடவையை டிரை கிளீனிங்குக்குக் கொடுத்திருக்காங்கம்மா, அடுத்த வாரம் வாங்கி உனக்கு அனுப்பி வைக்கிறேன்" என்றாய். என்ன அழகான, முழுசான வாக்கியம்! எட்டாவது படிக்கும்போது ஆற்றில் வெள்ளம் வந்து ஊரே பாலத்தில் நின்ற அன்றைக்கு, நீயும் தண்ணீரில் இறங்கி ஆடிவிட்டு, டியூஷனுக்குப் போனேன் என்று வந்து சொன்னாய். காலைக் கழுவியிருந்தாய், தலையைத் துவட்டியிருந்தாய், மண்ணே இல்லை. ஆனால் சட்டையை மடித்து வைத்திருந்தாய். பிறந்ததிலிருந்து ஒரு சட்டையை மடிக்காதவன்! நீ பொய் சொன்னால் ஒழுங்காகிவிடுவாய் கண்ணு. உண்மை சொல்லும்போது பாதியில் முழுங்கி, கையை ஆட்டி, "அது வந்தும்மா" என்று இழுப்பாய். இந்தத் தடவை "அது வந்தும்மா" வரவே இல்லை.

என்னைச் சந்தேகக்காரி என்று நீயும் உங்க அப்பாவும் கிண்டல் பண்ணுவது எனக்குத் தெரியும். அப்படித்தான் வைத்துக்கொள். வயிற்றில் உன்னை வைத்துக்கொண்டு பி.காம். ரெண்டாம் வருஷப் பரீட்சை எழுதினவள் நான். பின் பெஞ்சிலிருந்து யாராவது என் வயிற்றைப் பார்த்துச் சிரிக்கிறார்களா என்று முதுகாலேயே தெரிந்துகொள்ளப் பழகினேன். உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு போனால், அக்காவா அம்மாவா என்று கேட்கிற வயசில் அம்மாவானவளுக்கு, எதையும் ஒரு தடவைக்கு ரெண்டு தடவை திருப்பிப் பார்க்கிற புத்தி வந்துவிடுகிறது. அதனால் புடவையை விற்றிருப்பாயோ, தொலைத்துவிட்டுப் பயந்து மறைக்கிறாயோ என்றெல்லாம்கூட நினைத்துப் பார்த்தேன். எதுவும் அந்த பிளவுஸோடு பொருந்தவில்லை. தொலைந்துபோன புடவைக்கு யாரும் ரவிக்கை தைக்க மாட்டார்கள். அந்த அளவில் உயிரோடு ஒரு பெண் இருக்கிறாள். என் முகூர்த்தப் புடவையை அவள் கட்டியிருக்கிறாள். எந்த நாளில் கட்டியிருப்பாள் என்று நினைக்கும்போதுதான் எனக்கு உங்க அப்பாவின் ஞாபகம் வந்தது.

தை மாசக் கடைசியில், மில்லில் மெஷினுக்கு பெல்ட் வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு அவர் மெட்ராஸுக்குப் புறப்பட்டார். ஜரிகைக் கரை வேட்டி கட்டிக்கொண்டு. "பெல்ட்டு வாங்கறதுக்கு இந்த வேட்டியா?" என்று கேட்டேன். "பேன்ட்டு டைட்டா இருக்கு. ஜல்தி காப்பி குடு, பஸ்ஸு போயிடும்" என்று பறந்தார். ராத்திரி பெல்ட்டோடுதான் வந்தார், அதில் பொய் இல்லை. ஆனால் சட்டையில் சந்தன வாசனை. "பெல்ட்டுக் கடையில சந்தனம் பூசி அனுப்பறாங்களா?" என்றேன். வழியில் கோயிலுக்குப் போனாராம். மத்தியானம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டதற்கு, "சாப்பாடு சுமாருதான், பாயசம் நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, கையில் இருந்த டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு நான் வேறு மாதிரி சந்தேகப்பட்டேன், அவர் தங்கச்சி வீட்டில் ஏதோ விசேஷம், என்னை விட்டுவிட்டுப் போய் மொய் வைத்துவிட்டு வந்திருக்கிறார் என்று. ரெண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவரும் ஏன் பேசவில்லை என்று கேட்கவே இல்லை. இப்போது தியேட்டரில் அவர் அத்தனை சத்தத்தில் தூங்கினாரே, அது தூக்கமா என்றே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டால் நான் எதுவும் கேட்க மாட்டேன் என்று நினைத்திருக்கிறார். அவரிடம் நான் இன்னும் கேட்கவில்லை. இந்த வயசில் அவர் என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்வதைப் பார்க்க எனக்கு மனசில்லை.

நீங்கள் ரெண்டு பேரும் எதற்காக என்னிடம் மறைத்தீர்கள் என்று எனக்குத் தெரியும். உன் மாமா பெண் சங்கீதாதான் காரணம். அவள் வயசுக்கு வந்தபோது, படவேட்டில் உன் மாமா வாழைத்தோட்டத்துக்குப் பக்கத்தில் பந்தல் போட்டு விசேஷம் வைத்தார். அத்தை முறைக்குத் தண்ணீர் ஊற்றின நான், அத்தனை பேர் பார்க்க, "என் வீட்டுக்கு வரப்போற பொண்ணு, நான்தான் ஊத்துவேன்" என்று சொன்னேன். உன்னையும் கேட்கவில்லை, அவளையும் கேட்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் சொல்லிவிட்டேன். என் அண்ணன் அதைச் சந்தோஷமாக எடுத்துக்கொள்ளவில்லை, வாக்காக எடுத்துக்கொண்டார். வந்த வரன்களை, "என் தங்கச்சி கேட்டு வச்சிருக்கா" என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார். இப்போது வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் வருகிறார். தட்டு மாற்ற நாள் குறிக்கத்தான் வருகிறார். போனில், "தம்பி படமும் ரிலீஸ் ஆயிடுச்சு, இனிமே இன்னா தாமசம்?" என்று கேட்டார். நான் "வாங்கண்ணா" என்றேன்.

அண்ணன் போன் பண்ணினதற்கு முந்தின நாள்தான் சங்கீதாவும் பேசினாள். வேலூரில் ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்கிறாளே, அங்கிருந்து தோழிகளைக் கூட்டிக்கொண்டு உன் படத்துக்குப் போயிருக்கிறாள். "அத்தே, படம் ஒரே அறுவை அத்தே, பாதியில எழுந்து வந்திருப்போம். ஆனா கடைசியில தினா மாமா பேரு வரும்ல, அதுக்காக உக்காந்துகினு இருந்தோம். சின்ன எழுத்துல, கடகடன்னு ஓடுது. நான் புடிச்சிட்டேன். எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினோம். டார்ச் அடிக்கிறவரு வந்து திட்டினாரு" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுவிட்டு, "சாப்பிட்டியாடி?" என்று பேச்சை மாற்றினேன். அவள் ஒரு பாவமும் செய்யாத பெண் தினா. உன் மேல் ஆசை வைத்தாள் என்றால் அது நான் வைக்கச் சொன்ன ஆசை. நீ அவளுக்கு ஒரு வார்த்தையும் கொடுக்கவில்லை, எனக்குத் தெரியும். ஆனால் நீ பேசாமல் இருந்த ஒவ்வொரு மாசமும் அவள் காத்திருந்திருக்கிறாள்.

உன் மேல் எனக்கு இருக்கிற கோபத்தை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். நீ யாரையோ விரும்பினாய் என்பதில் எனக்குக் கோபம் இல்லை. வருத்தம் இருக்கிறது, அது வேறு. அவள் எந்த ஊர், எந்தத் தெரு, என்ன ஜனம் என்று நான் கேட்கவே மாட்டேன் என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய், நானும் நம்ப மாட்டேன். கேட்பேன். முகம்கூடச் சுண்டும். கேட்டுவிட்டு, எழுந்து போய் அவளுக்கும் சேர்த்துச் சோற்றுக்கு உலை வைப்பேன். இதுகூட உனக்குத் தெரியவில்லையே என்பதுதான் என் ஆற்றாமை. நம் வீடுகளில் முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டிலிருந்துதான் போகும், மாமியார்தான் பார்த்து எடுப்பாள். நீ அதை விடவில்லை. கடையில் எத்தனையோ புடவை இருக்க, என் புடவையைத்தான் எடுத்துக்கொண்டு போனாய். என் கையாலேயே துணி எடுக்க வைத்து, தைக்க வைத்து, கூரியரில் அனுப்ப வைத்தாய். மருமகளுக்கு மாமியார் செய்ய வேண்டியது எல்லாவற்றையும் என்னைச் செய்ய வைத்துவிட்டு, எனக்கு மட்டும் சொல்லாமல் விட்டாய். இதை நினைத்தால் ஒரு சமயம் உன்னைக் கட்டிக்கொண்டு அழத் தோன்றுகிறது, இன்னொரு சமயம் முதுகில் ரெண்டு வைக்கத் தோன்றுகிறது. அவளிடம் என்ன சொன்னாய்? அம்மா கொடுத்த புடவை என்றா, அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்த புடவை என்றா? என்னைப் பற்றி அவள் மனசில் என்ன உருவம் வைத்திருக்கிறாள்? அவள் வீட்டிலிருந்தாவது யாராவது வந்தார்களா, இல்லை உங்க அப்பாவும் அந்த மெஷின் பெல்ட்டும் மட்டும்தானா?

கல்யாணம் ஆகியிருந்தால் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். என்னிடம் செய்ததை அவளிடம் செய்யாதே. நீ மறைத்ததை ஒரு பொம்பளை கண்டுபிடிப்பதோடு அது முடியாது. அதற்கு முன்னால் நீ நல்லபடியாகச் சொன்ன அத்தனையையும் அவள் வெளியே எடுத்து உதறிப் பார்க்க ஆரம்பிப்பாள். நான் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். பொங்கலுக்கு நீ வராமல் போனது, சாப்பிட்டாயா என்று கேட்டால் "ஆச்சும்மா, சூடா" என்று சொல்ல ஆரம்பித்தது, போனில் பின்னால் குக்கர் விசில் கேட்டது, எல்லாவற்றையும் உதறி உதறிப் பார்க்கிறேன். உண்மையாகவே நீ எனக்காக வருத்தப்பட்டுச் சொன்ன வார்த்தைகள்கூட இப்போது சந்தேகமாகத் தெரிகின்றன. பேஜாராக இருக்கிறது கண்ணு. பெற்ற பிள்ளையோட பேச்சை இப்படி ஓரம் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பது சுகமான வேலை இல்லை.

சரி, நான் என்ன முடிவு பண்ணியிருக்கிறேன் என்று கேள். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் இதை விடமாட்டேன். அண்ணன் தட்டோடும் ஆட்களோடும் பஸ் ஏறி வந்து, என் கூடத்தில் உட்கார்ந்து கேவலப்பட வேண்டாம். சனிக்கிழமை காலையில் நானே படவேட்டுக்குப் போகிறேன். தோட்டத்தில் வைத்து, அண்ணி இல்லாத நேரமாகப் பார்த்து, "அண்ணா, தினாவுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு, என்னை மன்னிச்சுடு" என்று சொல்லப் போகிறேன். அங்கிருந்தே வேலூருக்குப் போய் சங்கீதாவையும் பார்ப்பேன். அவளுக்கு இது போனில் சொல்கிற சேதி இல்லை. அண்ணன் என்னைத் திட்டலாம், இனிமேல் வீட்டுப் படி ஏறாதே என்று சொல்லலாம். அவருக்குத் தங்கச்சி என்று இருப்பது நான் ஒருத்திதான், எனக்கும் பிறந்த வீடு என்று இருப்பது அது ஒன்றுதான். தெரிந்துதான் போகிறேன்.

நான் நினைத்ததெல்லாம் தப்பாக இருக்கலாம். புடவை நிஜமாகவே டிரை கிளீனிங்கில் இருக்கலாம், பாயசம் நிஜமாகவே ஓட்டலில் சாப்பிட்டதாக இருக்கலாம். அப்படியென்றால் கல்யாணமே ஆகாத பிள்ளைக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று ஊர் முழுக்கச் சொன்ன பைத்தியக்காரி என்று எனக்குப் பேர் வரும். வரட்டும். அந்தப் பேரோடு நான் இருந்துகொள்வேன். அந்தப் பெண் இன்னொரு மாசம் காத்துக்கொண்டு இருக்கக் கூடாது.

நீ என்னைத் தடுக்க வேண்டும் என்றால் வெள்ளிக்கிழமை ராத்திரி வரைக்கும் நேரம் இருக்கிறது. தடுக்க வேண்டாம் என்றால் விளக்கம் ஒன்றும் சொல்ல வேண்டாம். எப்போது, எங்கே, ஏன் என்பதையெல்லாம் நீ நேரில் வரும்போது பேசிக்கொள்ளலாம், அப்போது நான் எவ்வளவு வேண்டுமானாலும் கத்துவேன். இப்போதைக்கு அவள் பெயரை மட்டும் எழுதி அனுப்பு. அண்ணன் முதலில் அதைத்தான் கேட்பார். என் மருமகள் பெயர் எனக்குத் தெரியாது என்று அவர் முன்னால் நின்று என்னால் சொல்ல முடியாது.

அம்மா